சிறுத்தைப் பல்லியின் நிறம் ஏன் நிலைக்கவில்லை: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

லெப்பர்ட் கெக்கோ என்ற பெயரில் பல நாடுகளில் வீட்டு வளர்ப்புப் பிராணியாகிவிட்ட சிறுத்தைப் பல்லி, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட பாறைநிலங்களுக்கு உரியது. 1854இல் எட்வர்ட் பிளைத் விவரித்த அந்தக் காட்டுப் பல்லி, மங்கிய மஞ்சள் தோலில் கரும்புள்ளிகள் தெளித்தாற்போல் இருக்கும். இன்று வளர்ப்போர் கைகளில் இருக்கும் ஆரஞ்சு, வெள்ளை, கருமை, புள்ளியே இல்லாத மஞ்சள் என்பவையெல்லாம் சில பத்தாண்டுகளில் தேர்ந்தெடுத்து இணைசேர்த்துப் பெற்றவை. நிறத்தைப் பெறுவதைவிட அதை நிலைக்கச் செய்வதுதான் கடினம். ஆறு மாதத்தில் பழுத்த ஆரஞ்சுச் சுளையைப் போல இருந்த பல்லி இரண்டு வயதில் பழுப்பேறிப்போவதும், அதன் குஞ்சுகள் தாயின் நிறத்தில் பாதியைக்கூடக் காட்டாமல் போவதும் இத்துறையில் அன்றாட ஏமாற்றங்கள்.

நிறம் எங்கிருந்து வருகிறது என்பது தெரியாமல் எந்த அறிகுறியையும் பிரித்தறிய முடியாது. பல்லியின் தோலில் மூன்று வகை நிறச் செல்கள் உள்ளன. கருப்பையும் பழுப்பையும் தருவது மெலனின் கொண்ட செல்கள். மஞ்சளையும் ஆரஞ்சையும் தரும் செல்களில், உடலே உருவாக்கிக்கொள்ளும் டெரிடின் என்ற நிறமிகளும் உணவிலிருந்து வரும் கரோட்டினாய்டுகளும் இருக்கின்றன. மூன்றாம் வகைச் செல்களில் நிறமி கிடையாது. அவற்றிலுள்ள நுண்படிகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வெண்மையும் பளபளப்பும் தோன்றுகின்றன. ஒரு பல்லி மங்குகிறது என்றால், மஞ்சள் செல்கள் குறைந்திருக்கலாம், மெலனின் கூடியிருக்கலாம், அல்லது இரண்டும் மாறாமல் வெப்பமோ தோலுரிப்போ கண்ணை ஏமாற்றிக்கொண்டிருக்கலாம். கீழே உள்ள ஒவ்வொரு பகுதியும் இம்மூன்றில் எது நடந்திருக்கிறது என்பதைக் கண்டறியும் முயற்சியே.

தொடங்குமுன்: பதிவேடு

பதிவேடு இல்லாதவருக்கு இந்த வழிமுறையில் பாதி பயன்படாது. ஒவ்வொரு பல்லிக்கும் பொரித்த நாள், பெற்றோர், முட்டை எந்த வெப்பநிலையில் எத்தனை நாள் இன்குபேட்டரில் இருந்தது என்ற மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். குஞ்சு பொரித்தவுடனும் 3, 6, 12, 18, 24 மாதங்களிலும் படங்கள் எடுக்க வேண்டும். தோலுரித்த இரண்டு மூன்று நாள்களுக்குள், பல்லி வெப்பப் பகுதியில் நன்றாகச் சூடேறிய பிறகு, ஒரே விளக்கின் கீழ், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்தால்தான் ஒரு படத்தை இன்னொன்றோடு ஒப்பிடலாம். கைப்பேசிக் கேமரா ஒளிக்குத் தக்கபடி நிறத்தைத் தானே திருத்திக்கொள்வதால், அந்த வெள்ளைத் தாள் இல்லாத படம் நினைவுக்கு உதவுமே தவிர சான்றாகாது.

அறிகுறி: சில நாள்களுக்குள் நிறம் இருண்டது அல்லது சாம்பல் பூத்தது

இது இனப்பெருக்கக் கோளாறு அன்று, பராமரிப்பைப் பாருங்கள். உடல் முழுதும் வெளிறிச் சாம்பல் படர்ந்தாற்போல் இருந்தால் அடுத்த ஓரிரு நாள்களில் தோல் உரியும். உரிந்ததும் நிறம் திரும்பும். உரியாமல் இருண்டுகொண்டே போனால் வெப்பமானியை வைத்துத் தரையை அளந்து பாருங்கள். வெப்பப் பக்கத்தின் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரையும் குளிர்ந்த பக்கம் 24 முதல் 26 வரையும் இருக்க வேண்டும். குளிரில் இருக்கும் பல்லி இருண்டு தெரிவது இயல்பு. வெப்பம் சரியாக இருந்தும் நிறம் மங்கி, அதோடு வால் மெலிந்துகொண்டே வந்தால், நிறத்தைப் பற்றிய கவலையை ஒதுக்கிவிட்டு ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் எச்சத்தைப் பரிசோதிக்கக் கொடுக்க வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி இப்பல்லிகளை வாலில் கொழுப்பு கரைந்து குச்சியாகும்வரை வாட்டக்கூடியது. வளர்ப்பகம் முழுவதற்கும் பரவவும் கூடியது. முடிவு வரும்வரை அந்தப் பல்லியைத் தனியே வையுங்கள், இணைசேர்க்காதீர்கள்.

அறிகுறி: ஆறு மாதத்தில் பளிச்சென்றிருந்த டாஞ்சரின் இரண்டு வயதில் மங்கிவிட்டது

இதுதான் மிகுதியாகக் கேட்கப்படும் குறை. தவறாக விளக்கப்படுவதும் இதுவே. டாஞ்சரின் என்ற ஆரஞ்சு வகை ஒற்றை மரபணுவால் வருவதன்று. மஞ்சள் செல்களைக் கூட்டுபவை, கரும்புள்ளிகளைக் குறைப்பவை, தலைக்கும் வாலுக்கும் ஆரஞ்சைப் பரப்புபவை எனப் பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து உண்டாக்கும் பண்பு அது. சுற்றுச்சூழலும் அதில் தன் பங்கைச் செலுத்துகிறது. எனவே ஒரு தனிப் பல்லியின் பளபளப்பைப் பார்த்து, எவ்வளவு மரபு, எவ்வளவு வளர்ப்பு என்று சொல்ல இயலாது.

முதலில், மங்கல் எந்த வயதில் தொடங்கியது என்று படங்களில் பாருங்கள். சிறுத்தைப் பல்லிக் குஞ்சுகள் பொதுவாகப் பட்டைகளோடு பொரிக்கின்றன; அப்பட்டைகள் உடைந்து புள்ளிகளாகவோ வெறும் நிறப்பரப்பாகவோ மாறி முடிய ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆகிறது. அந்த மாற்றத்தின் நடுவே, கருமை விலகி ஆரஞ்சு முழுதாக வெளிப்படும் ஒரு கட்டம் வரும். பல வரிசைகளில், அதாவது ஒரு பண்புக்காகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்படும் பரம்பரைகளில், அது ஆறாம் மாதத்துக்கும் பத்தாம் மாதத்துக்கும் இடையில் அமைகிறது. விற்பனைக்கான படங்களும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் எடுக்கப்படுகின்றன. அதற்குப் பின் சில வரிசைகள் அந்நிறத்தைப் பிடித்துக்கொள்கின்றன, சில இழக்கின்றன. ஆகவே ஒன்பது மாதத்தில் மிகச் சிறந்ததைத் தேர்ந்தெடுத்து இணைசேர்ப்பவர், தன்னையறியாமலேயே விரைவில் உச்சத்தை எட்டும் பண்பைத் தேர்ந்தெடுக்கிறார். அந்தப் பண்புக்கும் நிலைத்தலுக்கும் தொடர்பு இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. தலைமுறைக்குத் தலைமுறை குஞ்சுகள் பளிச்சிட்டு, முதுமையில் மட்டும் மங்கிக்கொண்டே போகும் வரிசைகள் இப்படித்தான் உருவாகின்றன.

திருத்தம் எளியது, ஆனால் பொறுமை வேண்டும்: பெற்றோரைப் பதினெட்டு மாதத்துக்கு முன் முடிவுசெய்யக் கூடாது, இரண்டு வயது என்றால் இன்னும் நல்லது. நன்கு பராமரித்தால் பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் வாழக்கூடிய விலங்கு இது என்பதால், ஓர் ஆண்டுக் காத்திருப்பு பெரிய இழப்பன்று. பெண் பல்லிகளை 45 முதல் 50 கிராம் எடை எட்டுவதற்கு முன் இணைசேர்க்கக் கூடாது என்ற பொதுவான எச்சரிக்கையையும் இந்தக் காத்திருப்பு தானாகவே நிறைவேற்றிவிடுகிறது.

அடுத்த கேள்வி, அந்த ஆரஞ்சு இன்குபேட்டர் கொடுத்ததா, பெற்றோர் கொடுத்ததா என்பது. வெப்பமான முட்டைகளிலிருந்து வரும் குஞ்சுகள் வெளிர்ந்தும் பளிச்சென்றும், குளிர்ந்தவற்றிலிருந்து வருபவை இருண்டும் இருக்கின்றன என்பது வளர்ப்போர் நெடுங்காலமாக அறிந்த ஒன்று. குஞ்சு ஆணா பெண்ணா என்ற பாலையும் இதே வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் குரூஸ் குழுவினர் இப்பல்லியைப் பற்றிச் செய்த ஆய்வுகளில், 26 டிகிரியில் பெண்கள் மட்டுமே பொரித்தன. 30 டிகிரியில் நான்கில் ஒரு பங்கு ஆண்களாகவும், 32.5 டிகிரியில் நான்கில் மூன்று பங்கு ஆண்களாகவும் இருந்தன. 34 டிகிரியில் மீண்டும் பெரும்பான்மை பெண்களாயின. முட்டையின் பால் முதல் சில வாரங்களுக்குள் முடிவாகிவிடுவதால், முதல் மூன்று நான்கு வாரம் 27 டிகிரியில் வைத்துப் பெண்ணை உறுதிசெய்துகொண்டு, பிறகு 30, 31 என்று உயர்த்திப் பளிச்சென்ற பெண் குஞ்சுகளைப் பெறும் உத்தி பல வளர்ப்பகங்களில் வழக்கம். விற்பவருக்கு அது நல்ல உத்தி. தேர்வு செய்பவருக்கோ அது கண்ணைக் கட்டிக்கொள்வதற்குச் சமம். எல்லாக் குஞ்சுகளும் பளிச்சிடும்போது எதன் மரபு நல்லது என்பது தெரியாமல் போகிறது.

இதைப் பிரித்தறிய இயற்கையே ஒரு வசதி செய்து தந்திருக்கிறது. சிறுத்தைப் பல்லி ஒவ்வொரு ஈட்டிலும் பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும். ஒன்றை 27 டிகிரி இன்குபேட்டரிலும் மற்றதை 30 டிகிரி இன்குபேட்டரிலும் வையுங்கள். ஐந்தாறு ஈடுகள் சேர்ந்த பிறகு, பால் வேறுபாடு குழப்பாமலிருக்கப் பெண் குஞ்சுகளை மட்டும் எடுத்து ஒரே வயதில் ஒப்பிடுங்கள். குளிர்ந்த முட்டையில் வந்த மகள்களும் ஒன்றரை வயதில் நல்ல ஆரஞ்சைக் காட்டினால் அந்த நிறம் மரபில் இருக்கிறது. வெப்பத்தில் வந்தவை மட்டும் பளிச்சிட்டு மற்றவை பழுப்பாக நின்றால், நீங்கள் இதுவரை தேர்ந்தெடுத்தது தெர்மோஸ்டாட்டை. என் கருத்தில், நிறத்துக்காக வரிசை உருவாக்குபவர் எல்லா ஆண்டும் ஒரே மிதமான வெப்பநிலையில், 28 டிகிரிக்கு அருகில், முட்டைகளை வைப்பதே நேர்மையான வழி. ஆண்கள் தேவைப்படும்போது மட்டும் சில ஈடுகளை 32க்குக் கொண்டுபோகலாம்.

மூன்றாவதாக, உடன்பிறப்புகளைப் பாருங்கள். மங்கலான பத்துக் குஞ்சுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் தீப்போல் இருந்தால் அதன்மேல்தான் மனம் போகும். ஆனால் பன்மரபணுப் பண்பில் அப்படிப்பட்ட தனி நட்சத்திரத்தின் குஞ்சுகள் குடும்பச் சராசரியை நோக்கித் திரும்பிவிடும். அதன் பளபளப்பில் மரபோடு வளர்ப்புச் சூழலின் அதிர்ஷ்டமும் கலந்திருப்பதே காரணம். எட்டுக் குஞ்சுகளில் ஆறு நன்றாக இருக்கும் குடும்பத்தின் இரண்டாம் நிலைக் குஞ்சு, அந்த நட்சத்திரத்தைவிட நல்ல பெற்றோராக அமையும் வாய்ப்பு மிகுதி. பெற்றோரும், முடிந்தால் பாட்டன் பாட்டியும் இரண்டு வயதைத் தாண்டிய பின் எப்படி இருந்தார்கள் என்பதையும் இதோடு சேர்த்து எடைபோட வேண்டும்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். பாச்சைகளுக்கும் மாவுப்புழுக்களுக்கும் கேரட், பரங்கி போன்றவற்றைத் தின்னக் கொடுத்துப் பிறகு பல்லிக்கு இடுவது நல்ல பழக்கம். ஆனால் உணவால் சற்றுக் கூடும் மஞ்சள் அடுத்த தலைமுறைக்குப் போகாது. ஒப்பிடப்போகும் பல்லிகள் எல்லாவற்றுக்கும் ஒரே உணவு தராவிட்டால் மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் வீண்.

அறிகுறி: அல்பினோக் குஞ்சு வெளிர்நிறமாக இல்லாமல் சாக்லேட் பழுப்பாகப் பொரித்தது

கருநிறமியான மெலனின் குறைந்து வெளிறித் தோன்றும் வகையே அல்பினோ. பதிவேட்டில் அடைகாப்பு வெப்பநிலையைப் பாருங்கள். பெரும்பாலும் 26, 27 என்றிருக்கும். சிறுத்தைப் பல்லியின் அல்பினோக்களில் மெலனின் முற்றிலும் இல்லாமல் போவதில்லை. குளிர்ந்த முட்டையில் அது பழுப்பாகத் தேங்கிவிடுகிறது. அப்படிப்பட்ட குஞ்சுகளைத் தனி வகை என்று நினைத்து ‘சாக்லேட் அல்பினோ’ என்று பெயரிட்டு விற்றதும் உண்டு. பழுப்பான அந்தக் குஞ்சின் மரபணுவில் குறை எதுவும் இல்லை. 30 டிகிரிக்கு அருகில் வைத்த முட்டையிலிருந்து அதன் குஞ்சுகள் வெளிர்ந்தே வரும். ஆகவே அதைக் கழிக்க வேண்டியதில்லை. வாங்குபவரிடம் மட்டும், இது எந்த வெப்பத்தில் பொரித்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அறிகுறி: இரண்டு அல்பினோக்களை இணைசேர்த்தும் குஞ்சுகள் எல்லாம் இயல்பான நிறத்தில் வந்தன

முதன்முறை இதைப் பார்ப்பவர், ஆண் பல்லி எப்படியோ மாறிப்போய்விட்டதென்றே நம்புவார். காரணம் வேறு. சிறுத்தைப் பல்லியில் டிரெம்ப்பர், பெல், ரெயின்வாட்டர் என்று மூன்று அல்பினோ வரிசைகள் உள்ளன. 1990களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்க வளர்ப்பகங்களில் இவை தனித்தனியே தோன்றின. டிரெம்ப்பர் வரிசை 1996இல் வந்தது. லாஸ் வேகஸ் அல்பினோ என்று சொல்லப்படுவது ரெயின்வாட்டரேதான். மூன்றும் ஒடுங்கு பண்புகள், அதாவது பெற்றோர் இருவரிடமிருந்தும் அதே மரபணு வந்தால்தான் வெளிப்படுபவை. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாதவை. டிரெம்ப்பரையும் பெல்லையும் சேர்த்தால், ஒவ்வொன்றும் மற்றதற்கு இயல்பான மரபணுவைத் தந்துவிடுவதால், குஞ்சுகள் அனைத்தும் இயல்பாகத் தோன்றி இரண்டு அல்பினோ மரபணுக்களையும் மறைவாகச் சுமக்கின்றன.

அந்தக் குஞ்சுகளை ஒன்றோடொன்று இணைசேர்த்துச் சரிசெய்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். அடுத்த தலைமுறையில் பதினாறில் ஒன்பது இயல்பாகவும், மூன்று டிரெம்ப்பராகவும், மூன்று பெல்லாகவும், ஒன்று இரண்டுமாகவும் வரும் என்பது கணக்கு. ஆனால் அந்த ஏழு அல்பினோக்களில் எது எது என்று கண்ணால் உறுதியாகப் பிரிக்க முடியாது. பெல் வகையின் கண் சிவப்பு மிகுந்தது, ரெயின்வாட்டரின் உடல் வெளிர்ந்தது என்றெல்லாம் சொல்லப்படும் அடையாளங்கள் பழகிய கண்ணுக்குத் துணையாகலாம், தீர்ப்பாகாது. அப்படிப்பட்ட கலப்புக் குஞ்சுகள் வீட்டில் செல்லமாக வாழலாம். இனப்பெருக்க வரிசைக்குள் போகக் கூடாது.

கையில் உள்ள அல்பினோ எந்த வரிசை என்று தெரியாவிட்டால், வரிசை உறுதியான ஓர் அல்பினோவோடு சோதனைக் கலப்பு செய்யுங்கள். குஞ்சுகள் எல்லாம் அல்பினோ என்றால் ஒரே வரிசை. எல்லாம் இயல்பு என்றால் வேறு வரிசை. ஒரே ஈட்டிலிருந்து முடிவு கட்டுமுன் இன்னொன்றையும் விலக்க வேண்டும். பெண் பல்லி விந்தைப் பல மாதங்கள் உடலில் சேமித்து வைத்திருக்கக்கூடியது. சென்ற பருவத்தில் வேறோர் ஆணோடு சேர்ந்திருந்தால், இயல்பான குஞ்சு அவனுடையதாகவும் இருக்கலாம். சோதனைக் கலப்புக்கு அதுவரை ஆணோடு சேராத பெண்ணையே பயன்படுத்துவது இதனால்தான்.

அறிகுறி: ஹெட் என்று வாங்கிய பல்லியிடமிருந்து எதிர்பார்த்த நிறம் வரவேயில்லை

ஒடுங்கு பண்பை ஒற்றை மரபணுவாக மறைத்துச் சுமப்பதை வளர்ப்போர் ஹெட் என்பார்கள். இரண்டு ஹெட் பல்லிகளின் குஞ்சுகளில் நான்கில் ஒன்றுக்கு நிறம் வெளிப்படும் என்பதைச் சிலர், முதல் நான்கு குஞ்சுகளில் ஒன்று கட்டாயம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆறு குஞ்சுகளில் ஒன்றுகூட வராமல் போக ஏறக்குறைய 18 விழுக்காடு வாய்ப்பு உண்டு. பத்தில் ஒன்றும் வராதிருக்க 6 விழுக்காடு. எனவே பருவம் முடியும்வரை விற்றவரைக் குறை சொல்ல வேண்டாம்.

‘66 விழுக்காடு ஹெட்’ என்று எழுதி விற்கப்படுவது வேறு. இரண்டு ஹெட் பெற்றோருக்குப் பிறந்து இயல்பாகத் தோன்றும் குஞ்சு ஹெட்டாக இருப்பதற்கு மூன்றில் இரண்டு வாய்ப்பு என்பதே அதன் பொருள். அப்படிப்பட்ட இரண்டை வாங்கி இணைசேர்த்தால், இரண்டுமே ஹெட்டாக இருக்கும் வாய்ப்பு 44 விழுக்காடுதான். அவற்றை ஒன்றோடொன்று சேர்ப்பதைவிட, நிறம் வெளிப்பட்ட ஒரு பல்லியோடு சேர்ப்பதே விரைவான வழி. அந்தக் கலப்பில், ஐயத்துக்குரியது உண்மையில் ஹெட் என்றால் குஞ்சுகளில் பாதிக்கு நிறம் வர வேண்டும். தொடர்ந்து நான்கு குஞ்சுகள் இயல்பாக வந்தால் அது ஹெட்டாக இருக்கும் வாய்ப்பு 11 விழுக்காடாகக் குறைகிறது. ஆறு வந்தால் 3. எட்டு வந்தால் ஒன்றுக்கும் கீழே. மூன்று ஈடுகளோடு நிறுத்திக்கொள்ளலாம். மறுபுறம், நிறம் வந்த ஒரே ஒரு குஞ்சு போதும், ஐயம் தீர்ந்துவிடும்.

அறிகுறி: வெள்ளையும் கருப்புமாகப் பொரித்த ஸ்னோ மஞ்சளாகிவிட்டது

ஸ்னோ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மேக் ஸ்னோ என்ற வெள்ளை வகை முழுமையற்ற ஓங்குதன்மை கொண்டது. ஒரு மரபணு இருந்தால் ஸ்னோ, இரண்டு இருந்தால் கண் முழுதும் கருத்த சூப்பர் ஸ்னோ. ஒற்றை மரபணுக் குஞ்சு பொரிக்கும்போது மஞ்சளே இல்லாதிருந்து, வளர வளர மஞ்சள் ஏறுவது அதன் இயல்பு. எவ்வளவு ஏறும் என்பதை அதன் மற்ற மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. பாட்டன் வழியில் ஒரு டாஞ்சரின் இருந்தால் அந்த மஞ்சள் செல்களைக் கூட்டும் மரபணுக்கள் இங்கே வேலை செய்யும். வாங்கும்போது வெள்ளைக் குஞ்சைப் பார்த்து மயங்காமல், அதன் ஸ்னோப் பெற்றோரை வளர்ந்த நிலையில் பார்க்கக் கேளுங்கள். உங்கள் வளர்ப்பகத்தில் ஸ்னோ வரிசையையும் டாஞ்சரின் வரிசையையும் கலக்காதீர்கள். இரண்டு வயதிலும் மஞ்சள் குறைந்தே இருக்கும் ஸ்னோக்களை மட்டும் பெற்றோராக்கினால், சில தலைமுறைகளில் வெண்மை நெடுநாள் நிற்கத் தொடங்கும். சூப்பர் ஸ்னோவை இயல்பான பல்லியோடு சேர்த்தால் குஞ்சுகள் அனைத்தும் ஸ்னோ என்பதால், தேர்வுக்கு எண்ணிக்கையும் கிடைக்கும்.

அறிகுறி: நிறம் நிலைத்தது, பல்லி நலமாக இல்லை

நிறத்தைச் சரிசெய்யும் வழி இங்கே கிடையாது. இணைசேர்ப்பதை நிறுத்துவதுதான் வழி. லெமன் ஃபிராஸ்ட் என்ற வகை, வெண்மை மிகுந்து மஞ்சளைப் பனி போர்த்தினாற்போல் காட்டியதால் பெரும் விலைக்குப் போனது. அந்த வெண்மை, ஒளியைத் திருப்பும் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகுவதால் வந்தது. அச்செல்கள் கட்டிகளாகவும் மாறின. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தைச் சேர்ந்த லாங்ஹுவா குவோ, லியோனிட் குருக்லியாக் ஆகியோரின் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வு, அந்த மரபணுவைச் சுமக்கும் பல்லிகளில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் தோல்கட்டிகள் வந்ததைக் காட்டி, ஸ்பின்ட்-1 என்ற மரபணுவோடு அதைத் தொடர்புபடுத்தியது. நிறமும் கட்டியும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்பதால், நல்ல குஞ்சாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கட்டியை விலக்கிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை. வயிற்றிலோ வாயின் உட்புறத்திலோ வெண்ணிறத் தடிப்பு தெரிந்தால் அப்பல்லியையும் அதன் வழியில் வந்த லெமன் ஃபிராஸ்ட்களையும் இனப்பெருக்கத்திலிருந்து விலக்கி வையுங்கள்.

எனிக்மா என்ற வகை இன்னொன்று. ஒரு மரபணு இருந்தாலே வெளிப்படும் ஓங்கு பண்பான அது விதவிதமான புள்ளிக்கோலங்களைத் தருகிறது. அதோடு தலை சாய்தல், ஒரே இடத்தில் சுற்றுதல், இரையைக் குறிதவறிக் கவ்வுதல் ஆகிய நரம்புக் கோளாறுகளும் வருகின்றன. நலமாகத் தோன்றும் எனிக்மாவுக்கும் கோளாறுள்ள குஞ்சு பிறப்பதுண்டு. அழகுக்காக இதைத் தொடர்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அறிகுறி: நிறம் தலைமுறைதோறும் கூடுகிறது, ஆனால் முட்டைகள் கெடுகின்றன, குஞ்சுகள் சிறுக்கின்றன

முதலில் இன்குபேட்டரின் ஈரப்பதத்தையும் தாயின் சுண்ணாம்புச் சத்தையும் பாருங்கள். ஒரு பருவத்தில் பல ஈடுகள் இட்ட பெண் பல்லியின் கடைசி முட்டைகள் மெலிந்த ஓட்டோடு வருவது, அவளுக்கு ஓய்வு வேண்டும் என்பதற்கான அறிகுறி. அவை சரியாக இருந்தும் கேடு தொடர்ந்தால், வம்சாவளியை வரைந்து பார்க்க வேண்டும். ஆரஞ்சைப் பூட்டிவைக்க அண்ணன் தங்கையையும், தந்தை மகளையும் மூன்று நான்கு தலைமுறை தொடர்ந்து சேர்த்திருந்தால் உட்கலப்பின் விலை இப்போது வசூலாகிறது.

இதற்குத் தீர்வு, உறவில்லாத வேறொரு வளர்ப்பகத்தின் டாஞ்சரின் வரிசையிலிருந்து, இரண்டு வயது தாண்டியும் நிறம் நின்ற ஓர் ஆணைக் கொண்டுவருவது. புதிய பல்லியைச் சில மாதங்கள் தனியே வைத்து, எச்சப் பரிசோதனை முடிந்த பிறகே சேர்க்க வேண்டும். முதல் தலைமுறைக் குஞ்சுகள் இரண்டு பெற்றோரையும்விடச் சற்று மங்கலாக வந்தால் மனம் தளர வேண்டாம். இரண்டு வரிசைகளும் ஆரஞ்சை வெவ்வேறு மரபணுக்களால் கட்டியிருக்கலாம்; அவை பிரிந்து புதிதாகச் சேர்வது அதற்கு அடுத்த தலைமுறையில்தான். எனவே முதல் தலைமுறையில் எடையும் நலமும் பார்த்து நான்கைந்து குஞ்சுகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் பழைய வரிசையின் தூரத்து உறவோடு இணைசேர்த்து, அங்கே பொரிக்கும் குஞ்சுகளில் நிறத்தேர்வைத் தொடங்குங்கள். அவற்றின் 24ஆம் மாதப் படங்கள் கைக்கு வரும்வரை யாரையும் விற்காமல் வைத்துக்கொள்ள எத்தனை பெட்டிகள் வேண்டும் என்பதை முதலிலேயே கணக்கிட்டு, அந்த எண்ணிக்கைக்கு மேல் முட்டைகளை இன்குபேட்டரில் வைக்காதீர்கள்.